ஓய்வுக்குப் பின் வரும் நோட்டீஸ்: பழங்குடிச் சான்று விசாரணையில் யாருக்கு நீதி?

பணி ஓய்வு பெறும் நாளில் அலுவலகத்தில் மாலை போடுவார்கள், சால்வை போர்த்துவார்கள், நாலு பேர் நல்ல வார்த்தை பேசுவார்கள். பழங்குடி இட ஒதுக்கீட்டில் நடுவண் அரசு அலுவலகங்களிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் சேர்ந்த பலருக்கு இதற்குப் பிறகு இன்னொரு காட்சி இருக்கிறது. பணிக்கொடை வராது. தொகுத்துப் பெற வேண்டிய ஓய்வூதியப் பகுதி வராது. மாதாமாதம் வருவதும் 'தற்காலிக' ஓய்வூதியம் என்ற பெயரில்தான் வரும். போய்க் கேட்டால் ஒரே பதில்: "உங்க கம்யூனிட்டி சர்டிபிகேட் மெய்த்தன்மை ரிப்போர்ட் இன்னும் வரலை சார்." சில ஆண்டுகள் கழித்துத் தபால் ஒன்று வரும். நீங்கள் காட்டுநாயக்கர்தான், கொண்டாரெட்டிதான், குருமன்தான் என்பதை இன்ன தேதியில் சென்னைக்கு வந்து மெய்ப்பிக்கவும்.

சான்று வாங்கிய ஆண்டு 1982 என்று வைத்துக்கொள்வோம். கொடுத்த வட்டாட்சியர் இறந்திருப்பார். கூட வாழ்ந்த பெரியவர்கள் இறந்திருப்பார்கள். படித்த ஊராட்சிப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைக் கரையான் தின்றிருக்கும். நோட்டீஸ் பெற்றவருக்கு வயது 65.

இதை எழுதத் தொடங்கும்போதே ஒரு கேள்வி வரும் என்று தெரியும். "போலிச் சான்று கொடுத்துப் பழங்குடியினரின் வேலையைத் திருடியவர்களுக்காகவா வாதாடுகிறீர்கள்?" நியாயமான கேள்விதான். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர், மக்கள்தொகையில் 1.1 விழுக்காடு. மாநில அரசுப் பணியில் அவர்களுக்கு 1 விழுக்காடு, நடுவண் அரசுப் பணியில் அகில இந்திய அளவில் 7.5 விழுக்காடு. படித்துவந்த பழங்குடிப் பிள்ளைகள் கைவிரல் விட்டு எண்ணும் அளவில் இருந்த 1970களிலும் 80களிலும் இந்த இடைவெளிக்குள் மற்றவர்கள் நுழைந்தார்கள். 1976ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், 'இன்ன வட்டாரத்தில் வாழ்ந்தால்தான் பழங்குடி' என்றிருந்த கட்டுப்பாட்டைப் பெருமளவு நீக்கியது. அது இடம்பெயர்ந்து வாழ்ந்த உண்மையான பழங்குடியினருக்குக் கிடைத்த நியாயம். அதே கதவு வழியாகத்தான், பெயர் ஒலிப்பில் நெருங்கிவரும் வேறு சாதியினரும் கொண்டாரெட்டி, காட்டுநாயக்கன், குருமன்ஸ் என்று சான்று வாங்கிக்கொண்டார்கள். இது நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். போலிச் சான்று ஒவ்வொன்றும் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு பிள்ளையின் நாற்காலி. அதைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடே இல்லை.

நம் சிக்கல் வேறு. முறைகேடாக நடக்கும் விசாரணையில் போலி மாட்டுவதில்லை, அசல்தான் மாட்டுகிறது. 

போலிச் சான்றில் சேர்ந்தவர் பெரும்பாலும் நிலமும் பணமும் உறவுப் பலமும் உள்ள சாதியிலிருந்து வந்தவர். நோட்டீஸ் வந்த மறுவாரம் உயர்நீதிமன்றத்தில் அவருடைய வழக்கறிஞர் நிற்பார். விழிக்கண் குழு அறிக்கையின் நகல் தரவில்லை, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விடவில்லை, மானுடவியலாளர் நேரில் பார்க்கவே இல்லை என்று வரிசையாக அடுக்குவார். அவை உண்மையாகவும் இருக்கும்! நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்து, புதிதாக விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பும். அடுத்த விசாரணைக்குள் நாலைந்து ஆண்டு ஓடிவிடும். அசலான இருளரோ காட்டுநாயக்கரோ அந்த வழக்கறிஞரை எங்கே தேடுவார்? குடும்பத்தில் முதன்முதலாக எழுத்தறிந்தவர் அவர். கொடுத்த இரண்டு வாரத்துக்குள் பதில் எழுத முடியாமல், 'வாய்ப்பளித்தும் மெய்ப்பிக்கத் தவறிவிட்டார்' என்ற ஒற்றை வரியில் அவர் கதை முடிந்துவிடும். குழு அவசரத்தில் விட்ட ஓட்டைகள் எல்லாம் பணம் உள்ளவன் வெளியேறும் வாசல்களாகின்றன.

இயற்கை நீதி என்பது குற்றவாளிகள் ஒளிந்துகொள்ளும் சட்ட நுணுக்கம் என்று நம் தோழர்களில் சிலரே பேசுகிறார்கள். அதில் இருப்பது இரண்டே விதிகள். யார்மீது குற்றம் சொல்கிறாயோ அவரைக் கேள். உன் வழக்குக்கு நீயே நீதிபதியாகாதே. ஊர்ப் பஞ்சாயத்தில் இந்த இரண்டும் இல்லாமல் எத்தனை தீர்ப்புகள் நம் மக்கள்மீது விழுந்தன என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த விதிகள் யாருக்குத் தேவை என்பது புரியும்.

சாதிச் சான்று விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்பதை 1994 செப்டம்பர் 2 அன்று மாதுரி பாட்டீல் வழக்கில் உச்சநீதிமன்றம் விரிவாகச் சொல்லியிருக்கிறது. மாநிலத்துக்கு ஒரு கூர்நோக்குக் குழு. அதில் உயர் அதிகாரி ஒருவர், துறை இயக்குநர், பழங்குடி வழக்குகளில் அந்த மக்களை நெருங்கி அறிந்த ஆய்வாளர் ஒருவர். இவர்களுக்குக் கீழே காவல்துறை அதிகாரியின் தலைமையில் ஒரு விழிப்புப் பிரிவு. அவர்கள் நோட்டீஸ் பெற்றவரின் பூர்வீக ஊருக்கே போக வேண்டும். பள்ளிப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். பெற்றோரையும் உறவினரையும் விசாரிக்க வேண்டும். குலதெய்வம், சடங்கு, திருமண முறை, இறந்தவரைப் புதைக்கும் முறை எல்லாவற்றையும் எழுதிவர வேண்டும். அறிக்கை எதிராக இருந்தால் அதன் நகலோடு நோட்டீஸ் அனுப்பி, பதில் பெற்று, நேரில் கேட்டு, அதன் பிறகுதான் முடிவு. ஊரில் தண்டோரா போட்டோ வேறு வகையிலோ அறிவித்து, ஆதரித்தும் எதிர்த்தும் பேச வருவோரையும் கேட்க வேண்டும் என்றுகூட அதில் இருக்கிறது. (அந்தத் தண்டோராவை அடிக்கச் சொல்லி எந்தத் தெருவுக்கு ஆள் அனுப்புவார்கள் என்று தீர்ப்பெழுதியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் 2022இல்தான் தண்டோரா வேண்டாமென்று தலைமைச் செயலாளர் கடிதம் அனுப்பினார்.)

தமிழ்நாட்டில் இந்த ஏற்பாடு 2007ஆம் ஆண்டின் அரசாணையின்படி நடக்கிறது. மகாராஷ்டிரத்தில் 2001 முதல் இதற்கெனத் தனிச் சட்டமே உண்டு.

இந்த விசாரணையை மற்றத் துறை விசாரணைகளிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒரு எழுத்தர் பணத்தைக் கையாடினார் என்று 17(பி) குறிப்பாணை கொடுத்தால், கையாடினார் என்று மெய்ப்பிக்க வேண்டியது துறை. சாதிச் சான்று விசாரணையில் சுமை தலைகீழ். நான் பழங்குடிதான் என்று மெய்ப்பிக்க வேண்டியவர் சான்று வைத்திருப்பவர். சுமையை அவர் தலையில் ஏற்றியது தவறென்று நாம் சொல்லவில்லை. தன் பிறப்பைப் பற்றிய விவரம் அவரிடம்தானே இருக்கும். ஆனால் சுமை மாறும்போது விசாரணையின் நேர்மை இரண்டு மடங்காக வேண்டும். நடைமுறையில் அது பாதியாகத்தான் இருக்கிறது.

ஆவணம் என்று கேட்கிறார்கள். எந்த ஆவணம்? 1950க்கு முந்தைய பத்திரம் இருந்தால் மிகவும் மதிப்பு என்கிறார்கள். நிலம் வைத்திருந்த சாதிக்குத்தான் பத்திரம் உண்டு. காட்டில் தேனெடுத்தவனுக்கும் வயலில் எலி பிடித்தவனுக்கும் எந்தப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பத்திரம் பதிவானது? பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் சாதி எழுதியவர் தலைமையாசிரியர். பையனைக் கூட்டிவந்தவர் சொன்னது அவர் காதில் விழுந்தவாறோ, ஊரார் அந்தக் குடும்பத்தைக் கூப்பிட்ட பெயராலோ நிரப்பியிருப்பார். கிராமக் கணக்குகளை எழுதியவர்கள் 1980 வரை பரம்பரைக் கர்ணங்கள். ஒடுக்கியவர்கள் எழுதிவைத்த பெயரை எடுத்துவைத்துக்கொண்டு, ஒடுக்கப்பட்டவனைப் பார்த்து 'நீ யாரென்று இதில் வேறு மாதிரி இருக்கிறதே' என்று கேட்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அடுத்தது சடங்குத் தேர்வு. உங்கள் குலதெய்வம் எது, தாலி யார் கட்டுவார், பிணத்தை எந்தப் பக்கம் தலைவைத்துப் புதைப்பீர்கள்? நாற்பது ஆண்டு நகரத்தில் வேலை பார்த்தவரிடம் இதைக் கேட்டு, புத்தகத்தில் உள்ள விடையோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிறார்கள். சட்டை மடிப்புக் கலையாமல், தெளிவான தமிழில், கொஞ்சம் ஆங்கிலமும் கலந்து பதில் சொன்னால் அதுவே சந்தேகத்துக்குக் காரணமாகிவிடுகிறது. இட ஒதுக்கீட்டின் நோக்கமே ஒருவரை அந்த இடத்துக்குக் கொண்டுவருவதுதான். வந்துவிட்டால், வந்ததையே அவருக்கு எதிரான சான்றாக்குகிறோம். சடங்கு ஒப்பீடு இறுதி உரைகல் அல்ல என்று 2023 மார்ச்சில் மகாராஷ்டிர ஆதிவாசி தாக்கூர் சமூகத்தின் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது. காலத்தோடு பழக்கவழக்கம் மாறும் என்பதை உச்சநீதிமன்றமே ஏற்றுக்கொள்கிறது. விசாரணை அறிக்கைகளை எழுதுகிறவர்கள் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

சான்றில் பிழை இருந்தாலே மோசடி என்றும் முடிவுகட்ட முடியாது. பட்டியலே கோணலாக இருக்கிறது. தமிழ்நாட்டுப் பட்டியலில் மலையாளி பழங்குடியினர் பழைய தர்மபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களில் மட்டுமே பழங்குடியினர். ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் அதே மக்கள், அதே மலைவாழ்வு. ஆனால் மாவட்ட எல்லையைத் தாண்டியதால் பழங்குடி இல்லை. இப்படிப்பட்ட எல்லையோரத்தில் பிறந்த ஒருவருக்கு வட்டாட்சியர் சான்று கொடுத்திருந்தால், நாற்பது ஆண்டு கழித்து அவரை ஏமாற்றுக்காரர் என்பீர்களா?

இந்த விசாரணை ஏன் பணியில் சேர்ந்த ஆறு மாதத்துக்குள் நடக்கவில்லை? பணி நியமன ஆணையிலேயே 'சாதிச் சான்று சரிபார்ப்புக்கு உட்பட்டு' என்று ஒரு வரி இருக்கும். சரிபார்க்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை. அந்தக் கடமையை முப்பத்தைந்து ஆண்டு செய்யாமல் இருந்த அதிகாரி எவருக்கும் நோட்டீஸ் போனதாகக் கேள்விப்பட்டதில்லை. பதவி உயர்வுப் பட்டியல் வரும்போது ஒரு மொட்டைக் கடிதம், ஓய்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு நினைவூட்டல் கடிதம் என்றுதான் கோப்பு நகர்கிறது. காலம் தாழ்த்திக் கொடுத்த குற்றச்சாட்டுக் குறிப்பாணையை உச்சநீதிமன்றம் ரத்து செய்ததற்குத் தமிழ்நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. வீட்டுவசதி வாரியப் பொறியாளர் பி.வி.மகாதேவன் வழக்கில், 1990இல் நடந்ததற்கு 2000இல் குறிப்பாணை கொடுத்ததை 2005இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. நிர்வாகத்தின் தாமதத்துக்கு ஊழியரைத் துன்புறுத்தக் கூடாது என்பதே அதன் சாரம்.

பொது விதிகளிலும் ஓய்வு பெற்றவருக்கு ஒரு வேலி இருக்கிறது. தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் 1978இன் 9ஆம் விதிப்படி, பணியில் இருக்கும்போது தொடங்காத துறை நடவடிக்கையை ஓய்வுக்குப் பின் அரசின் அனுமதியின்றித் தொடங்க முடியாது. நான்கு ஆண்டுக்கு முந்தைய நிகழ்வுக்காகத் தொடங்கவே முடியாது. நடுவண் அரசின் விதியும் இதே போன்றதுதான். பழங்குடிச் சான்று விவகாரத்தில் இந்த வேலி உதவுவதில்லை. 'நாங்கள் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவில்லை, சான்றைச் சரிபார்க்கிறோம் அவ்வளவுதான்' என்று நிர்வாகம் சொல்லிவிடும். பணிக்கொடையை நிறுத்திவைப்பது தண்டனை இல்லையாம்! 

ஓய்வூதியம் அரசு போடும் பிச்சையல்ல என்று 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. அந்த நாளை ஓய்வூதியர் நாளாக இன்றும் கொண்டாடுகிறார்கள். ஓய்வூதியமும் பணிக்கொடையும் ஊழியரின் சொத்து, சட்டத்தில் இடமில்லாமல் அதில் கைவைக்கக் கூடாது என்று 2013இல் ஜார்கண்ட் வழக்கில் மறுபடியும் சொன்னது. 1973இல் வந்த இன்னொரு தீர்ப்பு இங்கே மிகவும் பொருந்தும். மத்தியப் பிரதேச ஊழியர் ஒருவருக்குத் தற்காலிகப் பணிநீக்கக் காலத்தில் பிழைப்பூதியம் கொடுக்காமல், பல நூறு கிலோமீட்டர் தள்ளி விசாரணைக்கு வரச் சொன்னார்கள். பணமில்லாதவர் வர முடியாமல் போனது வாய்ப்பு மறுப்பே என்று நீதிமன்றம் அந்த விசாரணையைச் செல்லாததாக்கியது. பணிக்கொடையை நிறுத்திவைத்துவிட்டு, கூடலூரிலிருந்தோ ஜவ்வாது மலையிலிருந்தோ சென்னைக்கு வந்து மெய்ப்பிக்கச் சொல்வது இதிலிருந்து எந்த வகையில் வேறுபடுகிறது?

எதிர்த்தரப்பில் இருக்கும் வலுவான தீர்ப்பையும் மறைக்கக் கூடாது. 2017 ஜூலையில் இந்திய உணவுக் கழக வழக்கில், பொய்ச் சான்றால் பெற்ற பயனை நீண்ட காலப் பணியைக் காட்டிக் காப்பாற்றிக்கொள்ள முடியாது என்று உச்சநீதிமன்றம் சொன்னது. அதை நாம் ஏற்கிறோம். அந்தத் தீர்ப்பு சான்று பொய் என்று மெய்யான விசாரணையில் தெரிந்த பின் என்ன செய்வது என்பதைச் சொல்கிறது. விசாரிக்காமலே பொய் என்று நினைத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

ஒருமுறை விசாரித்து முடித்ததைத் திரும்பத் திரும்பக் கிளறுவது அடுத்த கொடுமை. வள்ளுவர் சமூகத்தைச் சேர்ந்த பட்டியல் சாதி ஊழியர் ஜெ.சித்ராவின் சான்று சரியானது என்று மாவட்டக் குழு விசாரித்துச் சொல்லிவிட்டது. மறுபடியும் புகார், மறுபடியும் விசாரணை. 2008இல் மாநிலக் குழு சான்றையே ரத்து செய்தது. 2021 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் அந்த ரத்தை நீக்கியது. மோசடியோ, முறையான விசாரணை நடக்காததோ இருந்தாலொழிய முடிந்ததைத் திறக்கக் கூடாது, திரும்பத் திரும்ப விசாரிப்பது பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்குத்தான் தீங்கு என்றது. 2008க்கும் 2021க்கும் இடையில் பதின்மூன்று ஆண்டுகள். ஒரு ஊழியர் தன் பிறப்பை நிரூபிக்க டெல்லிவரை போக வேண்டியிருந்தது.

ஓய்வுக்குப் பிறகும் 'நீங்கள் இன்ன சாதிதானா' என்று இவர்கள் குழுமுன் நிறுத்தப்படுகிறார்கள். பொதுப்பிரிவில் சேர்ந்தவருக்கு அந்தக் கேள்வியே கிடையாது. தந்தைக்குச் சான்று ரத்தானால் அதே நூலில் மகளின் சான்றும் பேரனின் படிப்பும் தொங்குகின்றன. இன்னொரு பக்கம், சான்றே கிடைக்காமல் அலைகிறவர்கள். 2022 அக்டோபரில் மலைக்குறவர் சமூகத்தைச் சேர்ந்த தந்தை ஒருவர், மகனுக்குச் சான்று கிடைக்காமல் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலேயே தீக்குளித்து இறந்தார். போலிகள் பெருகிவிட்டதால் எச்சரிக்கையாக இருக்கிறோம் என்று அதிகாரிகள் சொல்வதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

எனவே நாம் கேட்க வேண்டியவை இவை. புதிதாகச் சேர்கிறவரின் சான்றை ஓராண்டுக்குள் சரிபார்த்து முடிக்க வேண்டும். முடிக்காத அதிகாரியின் பெயர் கோப்பில் பதிவாக வேண்டும். பழைய வழக்குகளில் விசாரணை முடியும்வரை பணிக்கொடையை நிறுத்தக் கூடாது. மூத்தவர்களைக் குழுவே அவர்களுடைய மாவட்டத்துக்குப் போய்க் கேட்க வேண்டும், அரசுச் செலவில் வழக்கறிஞர் உதவியும் தர வேண்டும். குழுவில் பழங்குடி மக்களில் ஒருவராவது உட்கார வேண்டும். போலி என்று உறுதியானால் சான்று பெற்றவரோடு, தெரிந்தே அதைக் கொடுத்த அதிகாரியின்மீதும் வழக்குப் பாய வேண்டும். இதுவரை இரண்டாமவர் பெரும்பாலும் தப்பித்தே வந்திருக்கிறார்.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது அப்பாவுக்கோ, அத்தைக்கோ, பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கோ இப்படி ஒரு நோட்டீஸ் வந்தால், முதலில் தேதியைத் தவறவிடாதீர்கள். அவருக்கு எழுதத் தெரியாவிட்டால் நீங்கள் எழுதிக்கொடுங்கள். விழிக்கண் அறிக்கையின் முழு நகலையும், யார் யாரை விசாரித்தார்கள் என்ற விவரத்தையும் எழுத்தில் கேளுங்கள். எதிராகச் சொன்னவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்பதையும் எழுத்திலேயே கேளுங்கள், போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரம் கிடைக்கும்படி தபாலில். சான்று 1989 நவம்பர் 11க்கு முன் வட்டாட்சியர் கொடுத்த நிரந்தரச் சான்றாக இருந்தால், கோட்டாட்சியர் கொடுக்கவில்லை என்பதற்காக மட்டும் அதைத் தள்ள முடியாது. 1997இல் சென்னைத் துறைமுக ஊழியர் வழக்கில் உச்சநீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்துவிட்டது. முன்பு எப்போதாவது சரிபார்ப்பு நடந்ததா என்று பணிப்பதிவேட்டையும் அலுவலகக் கடிதப் போக்குவரத்தையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். தந்தைவழி உறவில் யாருக்காவது குழு விசாரித்து உறுதிசெய்த சான்று இருக்கிறதா என்றும் தேடுங்கள். சித்தப்பா மகன், பெரியப்பா பேத்தி, யாராக இருந்தாலும் சரி. அந்த ஒரு தாள் பல நேரங்களில் குலதெய்வக் கேள்விகள் அத்தனையையும்விட எடை கூடியது.